பன்றிகளில் சால்மோனெல்லா தொற்று

பன்றிகளில் சால்மோனெல்லா தொற்று என்பது சால்மோனெல்லா எண்டெரிகா என்னும் பாக்டீரிய இனத்தின் சில வகைகளால் பன்றிகளுக்கு ஏற்படும் தொற்றுநோய் ஆகும். பழைய கால்நடை மருத்துவ நூல்களில் இது பன்றிப் பாராடைபாய்டு எனவும் குறிக்கப்படுகிறது. தாய்ப்பாலை மறந்த குட்டிகளையும் ஐந்து மாதங்கள் வரையிலான வளரும் பன்றிகளையும் இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது. குருதியில் கிருமி பரவி விரைவில் இறப்பை ஏற்படுத்தும் வடிவம், குடலை மட்டும் தாக்கிக் கழிச்சலை ஏற்படுத்தும் வடிவம் என இந்நோய் இரண்டு முதன்மை வடிவங்களில் காணப்படுகிறது.

தொற்றுக்கு உள்ளாகும் பன்றிகளில் பெரும்பாலானவை எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. நோயுற்று நலமடைந்த பன்றிகளும் பல வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை கிருமியை உடலில் தாங்கியிருக்கக்கூடும். எனவே கழிச்சல் நின்றுவிட்டது என்பது தொற்று நீங்கிவிட்டது என்பதற்குச் சான்று ஆகாது. இந்நோயைப் பண்ணையில் கட்டுப்படுத்துவதும், இறைச்சி வழியாக மனிதரை அடையாமல் தடுப்பதும் கடினமாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும்.

பெயரும் வரலாறும்

சால்மோனெல்லா என்னும் பெயர் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டேனியல் எல்மர் சால்மன் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. சால்மன் மீனுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. 1884 ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண்மைத் துறையில் தொடங்கப்பட்ட கால்நடைத் தொழில் பணியகத்தின் முதல் தலைவராக அவர் இருந்தார். அப்போது அந்நாட்டில் பன்றிக் காலரா எனப்பட்ட கொள்ளைநோய் பெருமளவில் பன்றிகளைக் கொன்றுவந்தது. 1885 ஆம் ஆண்டு, அப்பணியகத்தில் பணியாற்றிய தியோபால்டு சிமித் நோயுற்ற பன்றிகளிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதுவே பன்றிக் காலராவுக்குக் காரணம் என்று சால்மனும் சிமித்தும் முடிவு செய்தனர்.

இம்முடிவு பிழையானது. பன்றிக் காலரா ஒரு தீநுண்மியால் வருகிறது என்பதை 1903 ஆம் ஆண்டு டி சுவைனிட்சு, டோர்செட் ஆகியோர் காட்டினர். பாக்டீரியாக்கள் புக முடியாத நுண்வடிகட்டியின் வழியே செலுத்தப்பட்ட நீர்மமும் நோயை உண்டாக்கியதே அவர்களது சான்று ஆகும். தீநுண்மியால் வலுவிழந்த பன்றிகளில் சால்மோனெல்லா பின்தொடர்ந்து பெருகியதால் முந்தைய ஆய்வாளர்கள் அதனை மூலக் காரணம் எனக் கருதிவிட்டனர். எனினும் அவர்களது உழைப்பு வீண்போகவில்லை. வெப்பத்தால் கொல்லப்பட்ட இப்பாக்டீரியாவைப் புறாக்களுக்குச் செலுத்தி அவற்றுக்கு நோயெதிர்ப்பு உண்டாக்க முடியும் என 1886 ஆம் ஆண்டு அவர்கள் காட்டினர். இறந்த கிருமிகளைக் கொண்டு தடுப்பூசி தயாரிக்கலாம் என்பதற்கான தொடக்கச் சான்றுகளில் இதுவும் ஒன்று. 1900 ஆம் ஆண்டு பிரான்சைச் சேர்ந்த சோசப் லின்யேர் இப்பேரினத்திற்குச் சால்மோனெல்லா எனப் பெயரிட முன்மொழிந்தார். பழைய பிழையின் நினைவாகவே பன்றிகளைத் தாக்கும் வகையின் பெயரில் காலரா என்னும் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டுள்ளது. மனிதருக்கு வரும் காலரா நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை.

நோய்க்காரணி

சால்மோனெல்லா கோல் வடிவமுடைய, கிராம் சாயம் ஏற்காத பாக்டீரியா ஆகும். உயிர்வளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது வளரக்கூடியது. உயிரணுச் சுவரிலும் கசையிழைகளிலும் உள்ள வேறுபாடுகளின் அடிப்படையில் இது சீரோவகைகளாகப் பிரிக்கப்படுகிறது. இதுவரை 2,500-க்கும் மேற்பட்ட சீரோவகைகள் அறியப்பட்டுள்ளன. பன்றிகளைப் பொறுத்தவரை பின்வருவன முதன்மையானவை:

- கொலரேசூயிஸ்: பன்றிகளுக்கென்றே தகவமைந்தது. குருதியில் பரவும் கொடிய வடிவத்தை உண்டாக்குகிறது. மனிதரை அரிதாகவே தொற்றினாலும் தொற்றும்போது கடுமையாக இருக்கும்.
- டைஃபிமூரியம்: பன்றி, மாடு, கோழி, எலி, மனிதர் எனப் பல உயிரினங்களைத் தொற்றக்கூடியது. பன்றிகளில் பெரும்பாலும் குடல் அழற்சியையும் கழிச்சலையும் உண்டாக்குகிறது.
- டைஃபிமூரியத்தின் ஒற்றைநிலைக் கசையிழை வகை: 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பியப் பன்றிப் பண்ணைகளில் பெருகிப் பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. பல மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் கொண்டது.
- டெர்பி: பன்றிகளில் பரவலாகக் காணப்படுவது. பொதுவாக நோயின்றியே குடலில் தங்கியிருக்கும்.

மனிதருக்கு டைபாய்டு காய்ச்சலை உண்டாக்கும் டைஃபி என்னும் சீரோவகை மனிதரில் மட்டுமே வாழ்வது. அது பன்றிகளிடமிருந்து பரவுவதில்லை.

இப்பாக்டீரியா உடலுக்கு வெளியேயும் நெடுநாள் உயிருடன் இருக்கும். கொலரேசூயிஸ் ஈரமான சாணத்தில் சில மாதங்களும், காய்ந்த சாணத்தில் ஓராண்டுக்கு மேலும் உயிர்வாழ்ந்தது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே ஒரு தொகுதிப் பன்றிகளை விற்றுவிட்டுச் சில வாரங்கள் கொட்டிலைக் காலியாகப் போடுவது மட்டும் போதுமானதன்று.

பரவும் வழிகள்

தொற்றின் முதன்மை வழி சாணத்திலிருந்து வாய்க்குச் செல்வது ஆகும். பன்றிகள் தரையை மோந்தும் கிளறியும் உண்ணும் இயல்புடையவை என்பதால் ஒரு பன்றி வெளியேற்றும் கிருமி அதே கொட்டிலில் உள்ள மற்றவற்றை எளிதில் அடைகிறது. மூக்கோடு மூக்கு உரசுவதாலும் தொற்று ஏற்படுகிறது. பண்ணைக்குள் கிருமி நுழையும் வழிகள் பின்வருமாறு:

- வெளியிலிருந்து வாங்கிவரப்படும், நலமாகத் தோன்றும் கிருமிதாங்கிப் பன்றிகள்
- வேகவைக்கப்படாத உணவகக் கழிவு, இறைச்சிக் கழிவு, மாசுபட்ட மீன்தூள் அல்லது எலும்புத்தூள் கலந்த தீவனம்
- எலி, சுண்டெலி, பறவைகள், ஈக்கள்
- மாசுபட்ட நீர்
- கழுவப்படாத வண்டி, கூடை, காலணி, கருவிகள்

பாலுண்ணும் குட்டிகளுக்குச் சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து பிறபொருளெதிரிகள் கிடைக்கின்றன. இதனால் அவை தொற்றினாலும் பொதுவாக நோயுறுவதில்லை. தாயிடமிருந்து பிரிக்கப்படும் காலத்தில் இப்பாதுகாப்பு குறைகிறது. உணவு மாறுதல், புதிய இடம், பிற ஈற்றுக் குட்டிகளுடன் கலத்தல் ஆகிய மூன்றும் ஒரே வேளையில் நிகழ்வதால் அக்காலத்தில்தான் நோய் மிகுதியாக வெளிப்படுகிறது.

நோய் வளரும் விதம்

வாயிலிருந்து குடல் வரை

விழுங்கப்படும் கிருமிகள் முதலில் தொண்டையிலுள்ள டான்சில் திசுவை அடைகின்றன. அவற்றுள் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. எஞ்சியவை இரைப்பைக்குச் செல்கின்றன. இரைப்பை அமிலம் அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது. தீவனம் மிக நுண்மையாக அரைக்கப்பட்டிருந்தால் இரைப்பையில் உள்ளவை நீர்த்து, அமிலத்தின் செறிவு குறைந்து, கிருமிகள் தப்பிச்செல்லும் வாய்ப்பு கூடுகிறது. சற்றுக் கரடுமுரடாக அரைத்த தீவனம் உண்ணும் பன்றிகளில் இத்தொற்று குறைவாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

நோய் அறிகுறி தோன்றுவதற்கு ஆய்வகச் சோதனைகளில் பொதுவாக ஒரு கோடி அல்லது அதற்கு மேற்பட்ட கிருமிகள் தேவைப்படுகின்றன. அறிகுறியின்றித் தொற்று நிலைபெறுவதற்கு அதைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையே போதும்.

குடற்சுவரினுள் நுழைதல்

அமிலத்திலிருந்து தப்பிய கிருமிகள் சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலின் தொடக்கத்திலும் தங்குகின்றன. நுண்ணிழைகளின் உதவியால் குடற்சுவரில் ஒட்டிக்கொண்ட பின், ஊசி போன்ற ஒரு புரத அமைப்பின் வழியே தமது புரதங்களைக் குடலின் உயிரணுக்களுக்குள் செலுத்துகின்றன. இப்புரதங்கள் உயிரணுவின் உட்சட்டத்தைக் குலைப்பதால் அதன் மேற்பரப்பு சுருக்கமுற்று எழுந்து கிருமியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. குடலில் நோயெதிர்ப்புக் காவல் செய்யும் பேயர் திட்டுகளின் மேலுள்ள எம் உயிரணுக்களும் இவற்றுக்கு வாயிலாக அமைகின்றன. இந்நுழைவு சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடுகிறது. சில மணி நேரங்களுக்குள் குடலை ஒட்டிய நிணநீர்க் கணுக்களிலும் கிருமியைக் காண முடியும்.

அழற்சியும் கழிச்சலும்

நுழைந்த கிருமியை எதிர்க்க உடல் பெருமளவில் வெள்ளணுக்களைக் குடலுக்கு அனுப்புகிறது. இதனால் ஏற்படும் அழற்சியில் குடற்சுவரிலிருந்து நீரும் உப்புகளும் குடலுக்குள் கசிந்து கழிச்சல் உண்டாகிறது. நுண்ணிய குருதிக் குழாய்களில் குருதி உறைந்து, குடலின் உட்சவ்வு ஆங்காங்கே இறந்து உதிர்கிறது.

இவ்வழற்சி சால்மோனெல்லாவுக்கு ஒருவகையில் நன்மையாகவே முடிகிறது. வெள்ளணுக்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள் குடலிலுள்ள கந்தகச் சேர்மம் ஒன்றை டெட்ராதயோனேட்டாக மாற்றுகின்றன. உயிர்வளிக்கு மாற்றாக இச்சேர்மத்தைக் கொண்டு சுவாசிக்கும் திறன் சால்மோனெல்லாவுக்கு உண்டு. குடலில் இயல்பாக வாழும் பிற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்திறன் இல்லை. எனவே அழற்சியுற்ற குடலில் மற்றவை பின்தங்கச் சால்மோனெல்லா பெருகுகிறது. இச்செயல்முறை 2010 ஆம் ஆண்டு எலிகளில் செய்யப்பட்ட ஆய்வில் விளக்கப்பட்டது. கழிச்சல் கிருமியை வெளியேற்றி உடலைத் தூய்மை செய்வது போலத் தோன்றினாலும், அதுவே கொட்டில் முழுவதும் கிருமியைப் பரப்பவும் செய்கிறது.

குருதியில் பரவுதல்

கொலரேசூயிஸ் குடலில் குறைந்த அழற்சியையே உண்டாக்குகிறது. ஆனால் கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய பெருவிழுங்கி உயிரணுக்களுக்குள் இது உயிருடன் தங்கிவிடுகிறது. அவ்வுயிரணுக்களையே ஊர்தியாகக் கொண்டு நிணநீர்க் கணுக்கள், கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், சில வேளைகளில் மூளை ஆகியவற்றை அடைகிறது. இறக்கும் கிருமிகளிலிருந்து வெளிப்படும் அகநச்சு காய்ச்சலையும், குருதி ஓட்டத் தளர்ச்சியையும், நுண்குழாய்களில் குருதி உறைதலையும் ஏற்படுத்துகிறது. காது, மூக்கு நுனி, வால், கால்கள், அடிவயிறு ஆகியவை கருஞ்சிவப்பு அல்லது ஊதா நிறமாக மாறுவது இதனால்தான்.

நலமடைதலும் கிருமிதாங்கி நிலையும்

உயிர் பிழைக்கும் பன்றிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வாரங்களில் நலமடைந்து தீவனம் உண்ணத் தொடங்குகின்றன. ஆயினும் டான்சில், குடலை ஒட்டிய நிணநீர்க் கணுக்கள், பெருங்குடலின் தொடக்கப்பகுதி ஆகிய இடங்களில் கிருமி மறைந்திருக்கிறது. ஆய்வுகளில் டைஃபிமூரியம் தொற்றிய பன்றிகள் ஏழு மாதங்கள் வரையிலும் கிருமியைத் தாங்கியிருந்தது கண்டறியப்பட்டுள்ளது. இது வளர்ப்புப் பன்றி விற்பனைக்கு வரும் வயது வரையிலான காலத்திற்கு ஏறத்தாழ ஈடானது.

கிருமிதாங்கிப் பன்றி எல்லா நாட்களிலும் சாணத்தில் கிருமியை வெளியேற்றுவதில்லை. இடப்பெயர்ச்சி, நெரிசல், பட்டினி, வெப்பம், பிற நோய் போன்ற அயர்ச்சிகளின்போது மறைந்திருந்த கிருமி மீண்டும் பெருகி வெளிவருகிறது. பண்ணையிலிருந்து வண்டியில் ஏற்றி இறைச்சிக்கூடத்திற்குக் கொண்டுசெல்லும் பயணம் இவ்வயர்ச்சிகள் பலவற்றையும் ஒருங்கே கொண்டது. மேலும், அறுப்புக்கு முன் காத்திருக்கும் மாசுபட்ட கொட்டிலில் சில மணி நேரம் நின்ற தொற்றற்ற பன்றிகளின் குடலிலும் கிருமி கண்டறியப்பட்டுள்ளது. பண்ணையில் தூய்மையாக வளர்ந்த பன்றியும் கடைசி நாளில் தொற்றைப் பெறலாம் என்பதை இது காட்டுகிறது.

அறிகுறிகள்

குருதியில் பரவும் வடிவம்

தொற்று ஏற்பட்டு ஓரிரு நாட்களில் அறிகுறிகள் தோன்றும். பன்றி தீவனத்தைத் தவிர்த்து மூலையில் ஒதுங்கிப் படுக்கும். இயல்பாக 39 °C அளவில் இருக்கும் உடல் வெப்பநிலை 40.5 முதல் 41.6 °C வரை உயரும். மூச்சிரைப்பு, ஈரமான இருமல், தோல் நிறமாற்றம் ஆகியவை காணப்படும். கழிச்சல் தொடக்கத்தில் இருக்காது. மூன்றாம் அல்லது நான்காம் நாளில் நீர்த்த மஞ்சள் நிறக் கழிச்சல் தோன்றலாம். சில பன்றிகள் எந்த முன்னறிகுறியும் இன்றி இறந்து கிடக்கும். நோயுறும் பன்றிகளின் எண்ணிக்கை பொதுவாகக் குறைவாக இருந்தாலும் நோயுற்றவற்றுள் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன.

குடல் வடிவம்

நீர்த்த, மஞ்சள் நிறக் கழிச்சல் முதல் அறிகுறி ஆகும். சில நாட்களில் கொட்டிலில் உள்ள பெரும்பாலான குட்டிகளுக்கும் பரவிவிடும். ஒரு பன்றியில் மூன்று முதல் ஏழு நாட்கள் வரை நீடித்து, நின்று, மீண்டும் தோன்றலாம். சாணத்தில் சிறிதளவு குருதி காணப்படலாம். நீரிழப்பால் கண்கள் குழிந்து, முதுகெலும்பு புடைத்துத் தெரியும். இறப்பு குறைவு. ஆனால் வளர்ச்சி தடைப்படுவதால் வளர்ப்போருக்கு இழப்பு ஏற்படுகிறது.

நலமடைந்த சில பன்றிகளில், மலக்குடலின் குருதி ஓட்டம் கெட்டுப்போனதன் விளைவாக, சில வாரங்களுக்குப் பின் மலக்குடல் சுருங்கி வயிறு பெரிதும் உப்பிக் காணப்படும். இந்நிலையை மருந்தால் சரிசெய்ய இயலாது.

இறப்புக்குப் பின் செய்யும் பரிசோதனை

குருதியில் பரவும் வடிவத்தில் மண்ணீரல் வீங்கிக் கருநிறமாக இருக்கும். கல்லீரலில் ஊசிமுனை அளவிலான வெண்புள்ளிகள் காணப்படும். இவை பாராடைபாய்டு முடிச்சுகள் எனப்படுகின்றன. குடல் வடிவத்தில் பெருங்குடலின் சுவர் தடித்து, அதன் உட்புறத்தில் சாம்பல் கலந்த மஞ்சள் நிறப் படலம் தவிடு தூவியது போல ஒட்டியிருக்கும். நாட்பட்ட நோயில் பொத்தான் வடிவிலான வட்டப் புண்களும் காணப்படலாம்.

ஒத்த தோற்றமுடைய பிற நோய்கள்

காய்ச்சல், தோல் ஊதா நிறமாதல், திடீர் இறப்பு ஆகியவை பன்றிக் காய்ச்சல், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், எரிசிபெலசு நோய் ஆகியவற்றிலும் காணப்படுகின்றன. கழிச்சல் பன்றி வயிற்றுக்கடுப்பு நோயிலும், லாசோனியா தொற்றிலும், குடற்புழுக்களாலும் ஏற்படும். கண்ணால் பார்த்து மட்டும் இவற்றைப் பிரித்தறிய இயலாது.

தமிழில் பன்றிக் காய்ச்சல் என்னும் சொல் இரு வேறு பொருளில் வழங்குவது குழப்பத்திற்கு இடமளிக்கிறது. 2009 ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய எச்1என்1 சளிக்காய்ச்சலைச் செய்தித்தாள்கள் இச்சொல்லால் குறித்தன. அது மனிதரிடையே பரவும் நோய். கால்நடை மருத்துவத்தில் இச்சொல் சால்மனின் காலத்தில் பன்றிக் காலரா எனப்பட்ட, பன்றிகளை மட்டும் தாக்கும் தீநுண்மி நோயைக் குறிக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்ட மூன்றாவது நோய். அதுவும் மனிதரைத் தொற்றுவதில்லை. மாறாக, சால்மோனெல்லா பன்றியிடமிருந்து மனிதருக்குப் பரவக்கூடியது.

நோயறிதல்

சாணம், நிணநீர்க் கணு, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றின் மாதிரிகளை வளர்ப்பூடகத்தில் வளர்த்துக் கிருமியைப் பிரித்தெடுப்பதே அடிப்படைச் சோதனை ஆகும். மாதிரியில் சால்மோனெல்லாவைவிடப் பிற பாக்டீரியாக்கள் பன்மடங்கு மிகுதியாக இருக்கும். எனவே முதலில் செறிவூட்டும் ஊடகத்திலும் பின்னர் தேர்வு ஊடகத்திலும் வளர்க்கின்றனர். செறிவூட்டும் ஊடகங்களுள் ஒன்று மேலே கூறிய டெட்ராதயோனேட்டைக் கொண்டது. இதற்குப் பல நாட்கள் ஆகும். பிசிஆர் சோதனை கிருமியின் டி.என்.ஏ-வை விரைவில் காட்டும். எலிசா சோதனை குருதியிலோ இறைச்சிச் சாற்றிலோ பிறபொருளெதிரிகள் உள்ளனவா என அறியப் பயன்படுகிறது. இது ஒரு பன்றியைவிட ஒரு பண்ணையின் நிலையை மதிப்பிடவே ஏற்றது.

கிருமிதாங்கிகள் விட்டுவிட்டுக் கிருமியை வெளியேற்றுவதால், ஒரு முறை எடுத்த சாண மாதிரியில் கிருமி இல்லை என்பதைக் கொண்டு அப்பன்றி தொற்றற்றது என முடிவு செய்ய இயலாது. இந்தியாவில் கால்நடைகளிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சால்மோனெல்லாவின் சீரோவகையை உறுதிசெய்யும் தேசிய மையம் இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் இயங்குகிறது. மனிதர் முதலிய பிற மூலங்களிலிருந்து பெறப்படுபவற்றுக்கான மையம் இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலியில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ளது.

சிகிச்சை

குருதியில் பரவும் வடிவத்தில் விரைந்து தரப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து உயிரைக் காக்கக்கூடும். எம்மருந்து பயன்தரும் என்பதைப் பிரித்தெடுத்த கிருமியைக் கொண்டு ஆய்வகத்தில் சோதித்துக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நோயுற்ற பன்றிகளைத் தனியே பிரித்தல், உப்பும் சர்க்கரையும் கலந்த தூய நீர் தருதல், கொட்டிலை உலர்வாக வைத்தல் ஆகியவை துணைச் சிகிச்சைகள் ஆகும்.

குடல் வடிவத்தில் மருந்தின் பயன் குறைவு. கிருமி உயிரணுக்களுக்குள் மறைந்திருப்பதால் பல மருந்துகள் அதனை அடைவதில்லை. மருந்து கழிச்சலைக் குறைத்தாலும் கிருமிதாங்கி நிலையை நீக்குவதில்லை. தீவனத்திலோ நீரிலோ தொடர்ந்து மருந்து கலப்பது, எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவதிலேயே முடியும். மனிதருக்குக் கடைசி நிலையில் பயன்படும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019 சூலையில் தடை செய்தது. மருந்து கொடுத்த பன்றியை அம்மருந்துக்கு உரிய விலகல் காலம் முடியும் முன் இறைச்சிக்கு அனுப்பக் கூடாது.

தடுப்பு

பண்ணையில் கைக்கொள்ளத்தக்க முறைகள்:

- ஒரு கொட்டிலின் எல்லாப் பன்றிகளையும் ஒரே நேரத்தில் வெளியேற்றி, சாணத்தை அகற்றி, கழுவி, கிருமிநாசினி தெளித்து, நன்கு உலரவிட்ட பின்னரே அடுத்த தொகுதியைச் சேர்த்தல். சாணத்தை அகற்றாமல் தெளிக்கப்படும் கிருமிநாசினி பயன்தராது.
- புதிதாக வாங்கிய பன்றிகளைச் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்த்தல். இயன்றவரை ஒரே இடத்திலிருந்து குட்டிகளை வாங்குதல்.
- உணவகக் கழிவைக் கொதிக்கவைத்து ஆறிய பின்னரே தருதல். வேகாத கழிவு வரும் கலனையும் வெந்த தீவனம் வைக்கும் கலனையும் வேறுவேறாக வைத்தல்.
- கரடுமுரடாக அரைத்த தீவனம் தருதல். தீவனத்திலோ நீரிலோ கரிம அமிலங்களைச் சேர்த்தல்.
- எலிகளைக் கட்டுப்படுத்துதல்.
- இளம் குட்டிகளுக்கு முதலிலும், நோயுற்றவற்றுக்குக் கடைசியிலும் பணி செய்தல்.
- அயர்ச்சியைக் குறைத்தல், நெரிசலைத் தவிர்த்தல், பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இடுதல்.

அமெரிக்கா முதலிய நாடுகளில் வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள கொலரேசூயிஸ் கிருமியைக் கொண்ட தடுப்பூசி பயன்பாட்டில் உள்ளது. அது நோயைக் குறைத்தாலும் தொற்றை முற்றிலும் தடுப்பதில்லை.

நாடு தழுவிய கட்டுப்பாட்டுக்கு டென்மார்க் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. அங்கு 1995 ஆம் ஆண்டு முதல், இறைச்சிக்கூடத்தில் எடுக்கப்படும் இறைச்சிச் சாற்றில் எலிசா சோதனை செய்து பண்ணைகளை மூன்று நிலைகளாகப் பிரித்தனர். தொற்று மிகுந்த பண்ணைகளின் பன்றிகள் தனியே, கூடுதல் கவனத்துடன் அறுக்கப்பட்டன. நோயின் அறிகுறியைத் தேடாமல் மறைந்திருக்கும் தொற்றைத் தேடியதே இத்திட்டத்தின் சிறப்பு ஆகும்.

ஓசூர் – கிருஷ்ணகிரி பகுதி

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களையும் இது எல்லையாகக் கொண்டுள்ளது. இம்மாவட்டத்தின் ஓசூர், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ தொலைவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைக்கப்பட்ட பின் பெரும் தொழில் நகரமாக வளர்ந்தது. கால்நடை வளர்ப்பில் இவ்வூரின் தொடர்பு அதைவிடப் பழையது. மத்திகிரியில் உள்ள அரசுக் கால்நடைப் பண்ணை 1824 ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் மத்திகிரியில் உள்ளது.

மேலே விளக்கிய நோய்ப்பரவல் வழிகளை இப்பகுதியின் அமைப்போடு பொருத்திப் பார்க்கையில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை.

முதலாவது தீவனம். தொழிற்சாலைகளின் உணவுக்கூடங்கள், தொழிலாளர் விடுதிகள், நெடுஞ்சாலை உணவகங்கள், திருமண மண்டபங்கள் ஆகியவை நிறைந்த தொழில் நகரத்தில் மிஞ்சிய உணவு நாள்தோறும் பெருமளவில் கிடைக்கிறது. அதனைப் பன்றித் தீவனமாகப் பயன்படுத்துவது தமிழகம், கர்நாடகம் இரண்டிலும் உள்ள வழக்கம். சிறு வளர்ப்போருக்குத் தீவனச் செலவைக் குறைப்பதும் குப்பைமேட்டுக்குச் செல்லும் உணவைப் பயன்படுத்துவதும் இதன் நன்மைகள். சோறு, குழம்பு ஆகியவற்றுடன் கோழிக் குடல், முட்டை ஓடு, கழுவிய இறைச்சி நீர் போன்றவை கலந்து வருவதே இடர். கோழிகளும் சால்மோனெல்லாவைத் தாங்கக்கூடியவை. கொதிக்கவைக்க ஆகும் விறகும் நேரமும் இல்லாதபோது இக்கிருமி நேராகப் பன்றியின் தொட்டிக்குச் செல்கிறது.

இரண்டாவது பயணம். கிறித்தவர், குடகர், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தோர் எனப் பன்றி இறைச்சி உண்போர் பலர் வாழும் பெங்களூரு இதற்கு அருகிலுள்ள பெரிய சந்தை ஆகும். ஓசூரை அடுத்த சூசூவாடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். குட்டிகளும் வளர்ந்த பன்றிகளும் மாநில எல்லையைக் கடக்கும்போது அவற்றுடன் கிருமியும் கடக்கிறது. ஒரே வண்டியில் பல பண்ணைகளின் பன்றிகளை ஏற்றுவதும், வண்டியைக் கழுவாமல் திரும்பக் குட்டிகளை ஏற்றிவருவதும் தொற்றை இரு திசையிலும் பரப்பக்கூடியவை. எல்லைப் பகுதியில் ஒரு பன்றி எப்பண்ணையில் வளர்ந்தது எனத் தேடிச்செல்ல இரு மாநிலங்களின் கால்நடைத் துறைகளும் ஒத்துழைக்க வேண்டியுள்ளது.

மூன்றாவது பிற நோய்களின் மறைப்பு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 2020 ஆம் ஆண்டு அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் கண்டறியப்பட்டது. 2022 சூலையில் கேரளத்தின் வயநாட்டிலும், 2023 சனவரியில் நீலகிரி மாவட்டத்தின் முதுமலையில் இறந்த காட்டுப்பன்றிகளிலும் கண்டறியப்பட்டது. அந்நோய்க்கு மருந்து இல்லை; கண்டறியப்பட்டால் சுற்றியுள்ள பன்றிகள் அழிக்கப்படுகின்றன. ஊதா நிறக் காதுகளுடன் இறந்த பன்றியைக் காணும் வளர்ப்போர், அழிப்புக்கு அஞ்சிச் செய்தியை மறைத்து எஞ்சிய பன்றிகளை விரைந்து விற்க முற்படலாம். உண்மையில் காரணம் சால்மோனெல்லாவாக இருந்தால் மருந்தால் காத்திருக்கக்கூடிய பன்றிகளும் இதனால் கைவிட்டுப் போகின்றன. கிருமியும் சந்தையை அடைகிறது. காரணம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருந்தால் விளைவு இன்னும் பெரிது. எவ்வாறாயினும் உடனே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவித்து மாதிரி எடுக்கச் செய்வதே ஏற்றது.

மனித நலத்தில் தாக்கம்

மாசுபட்ட இறைச்சியை அரைவேக்காட்டில் உண்பதாலும், பச்சை இறைச்சியை வெட்டிய கத்தி, பலகை ஆகியவற்றில் காய்கறிகளை நறுக்குவதாலும் கிருமி மனிதரை அடைகிறது. அறுக்கும்போது குடல் கிழிந்து சாணம் இறைச்சியில் படுவது மாசுக்கு முதன்மைக் காரணம். பன்றிகளுடன் பணிபுரிவோருக்கு நேரடியாகவும் தொற்றலாம். பெரும்பாலும் ஆறு மணி நேரம் முதல் ஆறு நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றி, நான்கு முதல் ஏழு நாட்களில் தாமாகவே நீங்கும். குழந்தைகள், முதியோர், நோயெதிர்ப்பு குறைந்தோர் ஆகியோருக்கு உயிருக்கு இடராகலாம்.

1953 ஆம் ஆண்டு சுவீடனின் அல்வெசுட்டா நகர இறைச்சிக்கூடத்திலிருந்து சென்ற இறைச்சியால் டைஃபிமூரியம் பரவி ஏறத்தாழ 9,000 பேர் நோயுற்றனர். சுமார் 90 பேர் இறந்தனர். அந்நாட்டின் கடுமையான சால்மோனெல்லா கட்டுப்பாட்டுத் திட்டம் இந்நிகழ்வுக்குப் பின்னரே உருவானது. தைவானில் மனிதரைத் தொற்றிய கொலரேசூயிஸ் கிருமிகள் சிப்ரோஃபிளாக்சசின் மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவருவதும், அக்கிருமிகள் பன்றிகளிலிருந்து வந்தவை என்பதும் 2002 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தன. பண்ணையில் தவறாகக் கொடுக்கப்பட்ட மருந்து மருத்துவமனையில் பயனற்றுப்போவதற்கு இது எடுத்துக்காட்டு ஆகும்.

இறைச்சியின் நடுப்பகுதியும் 70 °C-க்கு மேல் வெப்பமடையுமாறு நன்கு வேகவைத்தால் இக்கிருமி அழிந்துவிடும். உறைநிலையில் வைப்பதால் அழியாது. நன்கு வேகவைத்த பன்றி இறைச்சியை உண்பதால் இந்நோய் பரவுவதில்லை.

இவற்றையும் பார்க்க

- சால்மோனெல்லா
- டைபாய்டு காய்ச்சல்
- ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்
- விலங்குவழித் தொற்றுநோய்கள்
- நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பாற்றல்
- ஓசூர்